42 கிலோ போய்விட்டது, மாஸ்க் போகவில்லை

போன வாரம் நண்பன் ஒருவன் போனில் கேட்டான்: "எனக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணச் சொல்லிட்டாங்கடா. அதுக்கு முன்னாடியே சிபாப் மெஷின் வாங்கணுமாம். எடை குறைஞ்சதும் தூக்கிப் போடப்போற சாமானை எதுக்கு வாங்கணும்?" ஸ்லீவ் என்றால் எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய் மாதிரி ஆக்குகிற அறுவை. சிபாப் என்றால் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்காமலிருக்க, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதுகிற மெஷின். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியைக் கேட்டவன்தான். பொறுமையாகப் பதில் சொல்லத்தான் ஆரம்பித்தேன். மாஸ்க் பேச்சு வந்ததும் குரல் ஏறிவிட்டது. எழுதும்போதாவது நிதானம் நிற்கிறதா பார்ப்போம்.

மெஷினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அறுவைக்கு நான்கு மாதம் முன்பு எடுத்த தூக்கப் பரிசோதனையில் என் ஏஎச்ஐ 52. அதாவது மணிக்கு 52 முறை மூச்சு நின்றோ தேய்ந்தோ போயிருக்கிறது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்பார்கள். மெஷின் ஊதும் காற்றின் அழுத்தத்தை 13-இல் (சென்டிமீட்டர் நீர் அளவு) நிலையாக வைத்துக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு தூங்கிய மூன்றாம் நாள் காலையில் தலைவலி இல்லாமல் எழுந்தேன். தலைவலி இல்லாத காலை என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் கையோடு கொண்டுவரச் சொன்னார் மயக்க மருந்து மருத்துவர். காற்று அழுத்தத்தில் வயிற்றுத் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து கேட்டேன். "தையலை நான் பார்த்துக்கறேன். வலி மருந்து போட்டதும் நீங்க மூச்சு விட மறந்துடக் கூடாது, அதான் என் கவலை" என்றார் அறுவை மருத்துவர்.

இதுவரை புகழ்ச்சி. இனி மாஸ்க்.

எடை குறைந்தால் வயிறும் இடுப்பும் குறையும் என்று எல்லாருக்கும் தெரியும். முகமும் சேர்ந்து குறையும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது மாதம் கன்னம் வற்றியது, நான்காவது மாதம் மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்தது. 128 கிலோ முகத்துக்கு அளவெடுத்த மீடியம் மாஸ்க், நடுராத்திரி இடது கண்ணுக்குள் புஸ்ஸென்று ஊத ஆரம்பித்தது. "என்னங்க, டயர் பஞ்சரான மாதிரி சத்தம் வருது" என்று மனைவி எழுப்புவாள். முன்பு குறட்டைக்காக எழுப்பியவள், இப்போது குறட்டைக்கான வைத்தியத்துக்காக எழுப்பினாள்.

நான் செய்த தப்பு, பட்டையை இறுக்கியது. வாரம் ஒரு விரல் அளவு இழுத்தேன். ஒரு கட்டத்தில் வெல்க்ரோ நுனி பட்டையின் முடிவு வரை வந்து, ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் காதருகே ஆடிக்கொண்டு நின்றது. காலையில் மூக்குத்தண்டில் சிவப்பாகத் தழும்பு. கசிவு மட்டும் கூடிக்கொண்டே போனது. மாஸ்க் ஓரத்துச் சிலிகான் குஷன் காற்றில் லேசாக உப்பினால்தான் தோலோடு படியும், அழுத்தி நசுக்கினால் மடிந்து ஓரத்தில் வழிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. என் மெஷின் கணக்கில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால் கசிவு அதிகம். நான் நாற்பதைத் தொட்டிருந்தேன்.

1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் இந்த வைத்தியத்தை ஐந்து நோயாளிகளிடம் செய்து காட்டினார். ஆரம்ப வருடங்களில் ஒவ்வொருவரின் மூக்குக்கும் அச்செடுத்து மாஸ்க் செய்தார்களாம். அப்போது நான் இருந்திருந்தால் மாதத்துக்கொரு அச்சு எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

அதைவிட மோசம், விழுங்கிய காற்று. கழுத்துச் சதை கரைந்ததும் தொண்டையைத் திறந்து வைக்க 13 தேவையில்லை. மெஷினுக்கு அது தெரியாது, பழைய ஆளுக்கு ஊதிய மாதிரியே ஊதும். மிஞ்சிய காற்று உணவுக்குழாய் வழியாகக் கீழே இறங்கும். ஸ்லீவ் முடிந்த வயிற்றில் அதற்கு ஏது இடம்? இரண்டு மணிக்கு மத்தளம் மாதிரி உப்பிய வயிறோடு உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பேன். கசிவால் வாய் வேறு ஓலை மாதிரி காய்ந்திருக்கும். மடமடவென்று ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க முடியுமா என்றால், அதுவும் முடியாது. சொட்டுச் சொட்டாக உறிஞ்ச வேண்டும். இருட்டில் அப்படி உட்கார்ந்து தண்ணீர் உறிஞ்சிய ராத்திரிகளை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்தாம் மாதம், தேவைக்கேற்ப மெஷினே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆட்டோ முறைக்கு மாற்றி, 6 முதல் 11 வரை என்று வைத்தார்கள். வேலை பத்து நிமிடம்கூட இல்லை. வயிற்று உப்பல் ஒரே வாரத்தில் போனது. இதை மூன்றாம் மாதமே கேட்டிருக்கலாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பில் பாதி என்னுடையது, சரி.

அப்புறம் எட்டாம் மாதம் ஒரு அசட்டுத்தனம். குறட்டை சுத்தமாக நின்றுவிட்டது என்று மனைவி சான்றிதழ் கொடுத்ததும் மெஷினை அலமாரியில் ஏற்றிவிட்டேன். மூன்று வாரம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி தூங்கினேன். நான்காவது வாரம் மத்தியானக் கூட்டத்தில் தலை ஆடியது, காலைத் தலைவலி திரும்பி வந்தது. பதினோராம் மாதம் மெஷின் இல்லாமல் மறுபரிசோதனை செய்தார்கள். ஏஎச்ஐ 14. 52 எங்கே, 14 எங்கே! ஆனால் இயல்பு என்று சொல்லும் ஐந்துக்குக் கீழே போகவில்லை. குறட்டை போனாலும் மூச்சுத் தடை போகாமல் இருக்கலாம் என்பதை என் தலையிலேயே தெரிந்துகொண்டேன். எடை ஒரு நிலைக்கு வந்து நிற்கும் முன் நாமாக நிறுத்தக் கூடாது. நின்ற பிறகும் பரிசோதனை சொன்னால்தான் நிறுத்தலாம். இப்போது 86 கிலோ, மெஷினோடு ஏஎச்ஐ 1.8.

ஆகவே நண்பனுக்குச் சொன்னது: வாங்கு, ஆட்டோ வசதி இருப்பதாகப் பார்த்து வாங்கு. மாஸ்க்கை மட்டும் மொத்தமாக வாங்கி அடுக்காதே. முதல் வருடம் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் உட்கார்ந்து, மெஷின் ஓடும்போதே மாட்டிப் பார். மூக்குக்குள் வைக்கிற சின்னத் தலையணை வகை உனக்கு ஒத்துவந்தால் கன்னம் வற்றுகிற தொல்லை குறையும். எனக்கு ஒத்துவரவில்லை, வாய் திறந்துகொள்கிறது.

இதை நேற்று ராத்திரி கேட்டிருந்தால் வாங்காதே என்றிருப்பேன். மூன்று மணிக்கு மறுபடி அதே இடது கண், அதே புஸ். மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு, காலையில் குஷன் மாற்றலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ஸ்மால் ஒன்றுகூட இல்லை. பிரிக்காத மீடியம் மூன்று இருக்கிறது.