வயலின் கூட்டத்துக்கு எது சரி: பெட்டி ஸ்பீக்கரா, எலெக்ட்ரோஸ்டேட்டிக்கா, ஹார்னா?

குரலும் டிரம்ஸும் சுமாரான ஸ்டீரியோவிலேயே நம்பும்படி கேட்கும். ஆர்கெஸ்ட்ராவின் இருபது முப்பது வயலின்கள் சேர்ந்து வாசிக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். எல்லாரும் ஒரே சுரத்தைத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் சுருதியும் விரல் அதிர்வும் ஆளுக்கு ஆள் இம்மியளவு மாறும். வயலின் கூட்டம் ஒரு கூட்டமாகவே கேட்பது அதனால்தான். ஸ்பீக்கர் அதைக் குழப்பிவிட்டால் ராட்சத வயலின் ஒன்று கீச்சிடுவது போல ஆகிவிடும்.

வழக்கமான பெட்டி ஸ்பீக்கரில் கீழ்ச்சுரங்களைத் தரும் வூஃபரிடமிருந்து உச்சச்சுரங்களைத் தரும் ட்வீட்டருக்கு ஒலி கைமாறுவது பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள். வயலினின் அடித்தந்தி 196 ஹெர்ட்ஸ்தான்; ஆனால் அதன் மேல்சுரங்கள் இந்த எல்லையைத் தாண்டிப் போகும். ஒரே சுரத்தின் அடிப்பகுதி வூஃபரின் கூம்பிலிருந்தும் உச்சி ட்வீட்டரின் குமிழ் வடிவ டோமிலிருந்தும் வரும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் இதே வட்டாரத்தில்தான். இரண்டும் சேரும் தையல் சரியில்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

எலெக்ட்ரோஸ்டேட்டிக்கில் துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் அதிர்கிறது. 1981-இல் வந்த குவாட் நிறுவனத்தின் இஎஸ்எல்-63 என்ற இந்த வகை ஸ்பீக்கரில், ஒலியை இப்படிப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரே கிடையாது, பெட்டியும் இல்லை. படலத்துக்கு எடை என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால் சட்டென்று அசையும், சட்டென்று நிற்கும். செல்லோக்கள் மெதுவாக வாசிக்கும் இடத்தில், வில் திசை மாறும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். தந்தி லேசாகப் பிடித்து விடுவது தெரியும். பெட்டி ஸ்பீக்கர்களில் எனக்கு அது இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

குறைகளும் உண்டு. டபுள் பேஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். பெட்டி இல்லாததால் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியைத் தின்றுவிடும்; அங்கே ஒலிக்கு உடம்பு போதாது. ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு மீட்டராவது இடம் விட வேண்டும். நடுவிலிருந்து பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்தால் பாதி மாயம் போய்விடும்.

வாய் அகன்ற குழல் வழியே ஒலியைத் தள்ளும் ஹார்ன்? ஒரு வாட்டுக்கே 100 டெசிபல் தரும், டிரம்பெட்டுக்கு அருமை. வயலினுக்கோ பல ஹார்ன்கள் கையைக் குவித்துப் பேசுவது போன்ற சாயலை ஏற்றிவிடும். எனக்கு ஒத்துவரவில்லை.

இடம் இருந்தால் என் ஓட்டு எலெக்ட்ரோஸ்டேட்டிக்குக்கே. சிறிய அறை என்றால் துணி டோம் ட்வீட்டர் வைத்த நல்ல பெட்டி போதும். அப்புறம், ட்வீட்டர் முகத்துக்கு நேராக இருக்க வேண்டாம். கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள், வயலின்களின் எரிச்சல் அடங்கிவிடும்.