நாய் உண்ணிக்குத் துளியா, குளிசையா?

வன்னியில் வெயில் ஏறினால் நாயின் காதுமடலுக்குள் உண்ணி கொத்தாகத் தெரியும். பலர் குழம்புவது இந்த இரண்டில்தான்: கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் துளி, வாயால் கொடுக்கும் ஃபுளூரலானர் குளிசை.

செலவு: துளி ஒருமுறைக்கு மலிவு. குளிசை விலை கூட.

காலம்: துளி ஏறக்குறைய ஒரு மாதம். குளிசை இரண்டு, மூன்று மாதம் தாங்கும்.

தண்ணீர்: விஷயமே இங்கேதான். துளி விட முன்னும் பின்னும் இரண்டு நாள் நாய் நனையக்கூடாது. குளத்திலும் வாய்க்காலிலும் விழுந்து எழும்புகிற நாயை யார் பிடித்து வைப்பது? குளிசைக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

கவனம்: துளி காயும்வரை பிள்ளைகள் தொடக்கூடாது. வலிப்பு வரும் நாய் என்றால், குளிசைக்கு முன் மிருக வைத்தியரைக் கேளுங்கள்.

எதை எடுத்தாலும் வீட்டையும் பாருங்கள். நாய் உண்ணி முட்டையிடுவது நாயில் இல்லை. சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும்தான், அதுவும் ஆயிரக்கணக்கில். வெடிப்பைப் பூசி அடையுங்கள், நாய் படுக்கும் சாக்கை மாற்றுங்கள்.

வீட்டோடு கிடக்கும் நாய்க்குத் துளி போதும். வயல், மாட்டுப்பட்டி என்று சுற்றுகிறதுக்குக் குளிசைதான் சரி. வீட்டில் பூனை இருந்தால் நாய் மருந்தை அதற்குப் போட்டுவிடாதீர்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.