பியூலி ஆட்டோஜம்பிள்: கானாடுகாத்தான் ஆஸ்டினுக்காகப் போய் வந்தேன்

காரைக்குடியில் முப்பத்தைந்து வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரில் நடக்கும் ஆட்டோஜம்பிள் என்கிற பழைய கார் உதிரிபாகச் சந்தைக்குப் போய் வந்தேன். பழைய கார் வைத்திருக்கிற சுற்றுவட்டாரத்து ஆட்கள் பலர் இந்தப் பயணத்தைப் பற்றி விவரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டி. கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டில் ஆஸ்டின் ஏ40 டெவன் நிற்கிறது. 1948ல் சென்னை எண்ணூரில் தொடங்கின அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்ற வண்டி. அந்தக் கம்பெனிதான் பிறகு 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. லாரி பார்த்தே வளர்ந்த நம்ம பையன்களுக்கு, அந்த லாரிக்கு முன்னால் அங்கே ஆஸ்டின் கார் பூட்டினார்கள் என்றால் நம்ப முடிவதில்லை. ஆச்சி வீட்டில் வண்டி வாங்கிய கணக்கு பழைய பேரேட்டில் அப்படியே இருக்கிறது. 1200 சிசி என்ஜின் நன்றாக ஓடுகிறது. பிரேக், கிளட்ச் எல்லாம் இங்கேயே லேத்தில் கொடுத்துச் சமாளித்துவிட்டேன். முடியாமல் போனது கைகாட்டி மட்டும்தான்.

கைகாட்டி என்று நாங்கள் சொல்வது டிராஃபிகேட்டரை. இண்டிகேட்டர் விளக்கு வருவதற்கு முந்தைய சாமான். இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள தூணுக்குள் மடங்கிக் கிடக்கும். சுவிட்சைத் திருப்பினால் வெளியே எழும்பி, ஆரஞ்சு விளக்கோடு கை நீட்டியது போல நிற்கும். வலது பக்கத்துக் கை எழும்பவே இல்லை. அதைத் தூக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகிப் போயிருந்தது. ரீவைண்டிங் செய்து போட்டதும் எழும்பியது, ஆனால் மடங்கும்போது கொக்கி விழவில்லை. தேய்ந்துபோன கொக்கி. அரம் வைத்து ராவி இரண்டு முறை செய்து பார்த்தேன், குண்டு குழியில் போனால் கை தானாக வெளியே வந்து ஆடும். ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல். கல்யாணமாகி வந்த புதிதில் செட்டியார் வண்டியைத் தெருவில் திருப்பும்போது அந்தக் கை எழும்பியதைப் பார்த்த ஞாபகம் அவர்களுக்கு. "அது தூக்குமாப்பா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்ததும் அவர்கள்தான்.

பியூலி இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயரில், நியூ ஃபாரஸ்ட் பகுதியில் இருக்கிறது. அங்குள்ள தேசிய மோட்டார் அருங்காட்சியக வளாகத்தில் செப்டம்பரில் வார இறுதியில் நடப்பதுதான் ஆட்டோஜம்பிள். 1967லிருந்து நடக்கிறது. பளபளக்கும் கார்களை வரிசையாக நிறுத்திப் பரிசு கொடுக்கும் கண்காட்சி என்று நினைத்துப் போகாதீர்கள். இது உதிரிபாகச் சந்தை. நம்ம முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் சட்டியும் பர்மா மரச்சாமானும் அடுக்கியிருப்பது போல, அங்கே புல்தரை முழுக்க கார்புரேட்டரும் ஹெட்லைட் ரிம்மும் வீல் கப்பும் பரப்பிக் கிடக்கும்.

பயண ஏற்பாட்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும், இதே தப்பு உங்களுக்கும் நடக்கலாம். ஒரு டிராவல் ஏஜென்டிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். பெயர் வேண்டாம். ஓட்டல் பதிவுத் தாளை நீட்டினார். விலை யூரோவில் இருந்தது. இங்கிலாந்தில் பவுண்டுதானே என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவர் பதிவு செய்தது பிரான்சின் தென்கரையில் இருக்கிற வேறொரு ஊர். பியூலியை ஆங்கிலத்தில் Beaulieu என்று எழுதுவார்கள், அந்த ஊருக்கும் கிட்டத்தட்ட அதே எழுத்து. பிரெஞ்சு எழுத்து, ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் வாயில் அது 'பியூலி'. உச்சரிப்பை வைத்துத் தேடினாலும் கிடைக்காது, எழுத்தை மட்டும் வைத்துத் தேடினாலும் தப்பான ஊருக்குப் போய் நிற்போம். ஹாம்ப்ஷயர் என்று சேர்த்துப் போடுங்கள்.

அவர் சொன்ன இன்னொரு யோசனை அதைவிட ஆபத்து. விசாவுக்கு முன்னால் யாரிடமாவது மூன்று லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டு வைக்கச் சொன்னார். திடீரென்று வந்து விழும் தொகையைத்தான் விசா அதிகாரிகள் முதலில் சந்தேகப்படுவார்கள். நான் மறுத்துவிட்டேன். பட்டறையின் ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமானவரி ரசீதுகள், டிக்கெட் செலவு தன்னுடையது என்று ஆச்சி கையெழுத்துப் போட்ட கடிதம், வண்டியின் ஆர்சி நகல், எந்தப் பாகத்துக்காகப் போகிறேன் என்று ஒரு பக்கம். உள்ளதை உள்ளபடி கொடுத்தேன். விசிட்டர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கட்டணம் அப்போது, 2024ல், 115 பவுண்டு. கைரேகை வைக்கச் சென்னைக்கு ஒரு நாள் போய் வர வேண்டும். மூன்று வாரத்துக்குள் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

விமானம் திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக ஹீத்ரோ. நம்ம ஊர்க்காரர்களுக்குச் சென்னைவரை போகும் அலைச்சல் மிச்சம். ஹீத்ரோவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கு நேராகப் பேருந்து இருக்கிறது. லண்டனுக்குள் நான் நுழையவே இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. சந்தை நடக்கும் நாட்களில் பியூலியைச் சுற்றிய ஊர்களில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை தாங்காது. சவுத்தாம்ப்டனில் தங்கி, காலையில் ரயிலில் பிராக்கன்ஹர்ஸ்ட் போய், அங்கிருந்து டாக்சி. சுமார் பத்து கிலோமீட்டர். வழியெல்லாம் குதிரைகள் அவிழ்த்துவிட்டபடி மேய்கின்றன. நம்ம ரோட்டில் மாடு நிற்பது போல நடுரோட்டில் நிற்கும், கார்கள் காத்திருந்து போகும். டாக்சியைத் திரும்பி வரவும் முன்கூட்டியே பேசி வையுங்கள். முதல் நாள் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் கனமான பையோடு நான் ரோட்டோரம் நின்றேன்.

சரி, சந்தைக்கு வருவோம்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். வாசலில் நின்று பார்த்தபோது எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. நல்லவேளை, பட்டியலோடு போயிருந்தேன். ஆச்சியின் கைகாட்டி முதலில். தேவகோட்டையில் ஒருவருக்கு மோரிஸ் மைனர் பின்விளக்குக் கண்ணாடி. பள்ளத்தூரில் ஒருவருக்கு ஸ்மித்ஸ் ஸ்பீடாமீட்டர். ஒவ்வொன்றுக்கும் போட்டோ, வெர்னியரில் எடுத்த அளவு, திருகு ஓட்டைகளுக்கு இடையே எத்தனை அங்குலம் என்று தாளில் வரைந்தும் வைத்திருந்தேன். எனக்கு ஆங்கிலம் பேச வராது, படித்தால் ஓரளவு புரியும். அந்தத் தாள்தான் எனக்காகப் பேசியது. தாளை நீட்டினால் கிழவர்கள் மூக்குக் கண்ணாடியை இறக்கி ஒரு நிமிடம் பார்ப்பார்கள், இல்லை என்றால் எந்த வரிசையில் யாரிடம் கிடைக்கும் என்று விரலைக் காட்டுவார்கள். இரண்டு நாளில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. வியாபாரிகளிடம் இவ்வளவு தொழில் மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை.

கைகாட்டிகள் மட்டும் வைத்திருந்த ஒரு மேசையை இரண்டாம் நாள் காலையில் கண்டுபிடித்தேன். மரப்பெட்டியில் லூகாஸ் கைகள் மீன் அடுக்கியது போல அடுக்கியிருந்தன. பன்னிரண்டு வோல்ட்டா ஆறு வோல்ட்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும், அது தப்பினால் மற்றதைப் பார்த்துப் பயனில்லை. அடுத்து கையின் நீளம். பிறகு கீல் ஊசி. விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், நான்கில் மூன்று ஆடின. ஐந்தாவது எடுத்ததில் ஆட்டமே இல்லை. மேசைக்குக் கீழே ஒரு பழைய பேட்டரி இருந்தது. கடைக்காரர் இரண்டு வயரைத் தொட்டார். டக் என்று எழும்பி நின்றது. வயரை எடுத்ததும் மடங்கிப் போய்க் கொக்கி விழுந்தது. அந்தச் சின்னச் சத்தத்துக்காகத்தான் இரண்டு வருடமாகப் பட்டறையில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு செல்லுலாய்டில் மட்டும் ஒரு முடி விரிசல். முப்பது பவுண்டு சொன்னார், விரிசலைக் காட்டினேன், இருபத்தைந்துக்குக் கொடுத்தார். பேரம் பேசலாம், ஆனால் பாதி விலைக்குக் கேட்டு அவமதிக்க வேண்டாம். பல கடைகளில் ரொக்கம்தான் சுலபமாக இருந்தது, பவுண்டாக மாற்றி எடுத்துப் போங்கள்.

ஸ்பீடாமீட்டரும் கிடைத்தது. பின்விளக்குக் கண்ணாடியை நான் வாங்கியிருக்கவே வேண்டாம். மோரிஸ் மைனருக்கு இங்கிலாந்திலேயே புதிதாகச் செய்து தபாலில் அனுப்புகிறார்கள். பதினாறு லட்சத்துக்கும் மேல் ஓடின வண்டி, பாகத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் வண்டி மைனர் என்றால் பியூலிக்காகச் செலவழிக்காதீர்கள், வீட்டிலிருந்தே வரவழைத்துக்கொள்ளுங்கள். ஏ40, அதற்கும் அரிதான வண்டி என்றால் போங்கள். டெவன், டார்செட், சாமர்செட் என்று கவுண்டி, அதாவது அந்த நாட்டு மாவட்டப் பெயர் வைத்த ஆஸ்டின்களுக்கென்றே ஆஸ்டின் கவுண்டீஸ் கார் கிளப் என்று ஒரு சங்கம் இருக்கிறது. போவதற்கு முன் அவர்களுக்கு எழுதிக் கேட்டிருந்தால் எனக்கு முதல் நாள் அலைச்சல் குறைந்திருக்கும்.

குறை என்று சொன்னால், தரை. முதல் நாள் மழை பெய்தது, புல் சேறாகிவிட்டது. செருப்போடு போனவன் மத்தியானமே ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். நடை அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போகவும். சாப்பாட்டுக் கடைகளில் சைவம் என்று கேட்டால் உருளைக்கிழங்கு வறுவலும் ரொட்டியும்தான் எனக்குக் கிடைத்தது. ஆச்சி கொடுத்தனுப்பிய சீப்புச்சீடைதான் இரண்டு நாளும் காப்பாற்றியது. பால் பொருளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை என்பதால் நெய் மாவுருண்டை டப்பாவைத் திருச்சி வரை வந்த மருமகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம்தான் செலவிட்டேன். ஒரு நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். 1927ல் மணிக்கு 203 மைல் போன சிவப்பு சன்பீம் அங்கே நிற்கிறது. இரண்டு விமான என்ஜின்களைப் பூட்டின கார் அது, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். டிரைவர் நடுவில். பிரேக் எப்படிப் பிடித்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

திரும்பும்போது கவனிக்க வேண்டியது பெட்டி. பெட்ரோல் பட்ட பாகம் எதையும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், வாடை இருந்தாலே எடுத்து வைத்துவிடுவார்கள். ஒரு அருமையான ஜெனித் கார்புரேட்டரை அதனால்தான் மனசில்லாமல் விட்டு வந்தேன். கைகாட்டியைச் சட்டைக்குள் சுற்றி, பில்லோடு வைத்தேன். நான் வந்தபோது சுங்கத்தில் 50,000 ரூபாய் வரைக்கும் வரி இல்லை, என் சாமான் எல்லாம் சேர்த்தே அதற்குள் அடங்கியது. பில் இல்லாத சாமானுக்கு விலை சொல்லப் போராட வேண்டும், அதனால் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டாவது கேட்டு வாங்குங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சி வீட்டில் பூட்டினேன். ஆச்சி முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைத் தெருவில் எடுத்து வலது பக்கம் சுவிட்சைத் திருப்பினேன், கை எழும்பியது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இடது பக்கமும் போடச் சொன்னார்கள். இடது பக்கத்துப் பழைய கை மெதுவாக எழும்பியது. "இது சோம்பேறியா இருக்கேப்பா" என்றார்கள். அதன் அளவையும் எடுத்து வைத்துவிட்டேன்.