ஓவர்கிளாக் செய்து தருகிறோம் என்று 41,500 ரூபாய் வாங்கினார்கள், ஏழே வாரத்தில் எல்லாம் போச்சு

நேற்று சாயங்காலம் ஐந்தாவது முறையாக அந்தக் கடையின் படியேறி, வெறுங்கையோடு இறங்கி வந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது 41,500 ரூபாய். இந்தச் சீசனில் ராப்பகலாகக் கண் விழித்து வெட்டி ஒட்டிய கல்யாண வீடியோக்களின் கூலி அது.

நான் எடிட்டிங் வேலை செய்கிறவன். என் கம்ப்யூட்டர் நானே கட்டியது. 2023-ல் சென்னை ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்து, ஒவ்வொரு பொருளாக விலை விசாரித்து வாங்கி, வீட்டுத் தரையில் செய்தித்தாள் விரித்து மாட்டினேன். என் பையன்தான் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தான். இன்டெல் ஐ5 13600கே பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, சாதாரண பி660 மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் மாட்டும் பலகை). இரண்டு வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வந்தபோது வேலை குவிந்துவிட்டது. ஒரு முழு நிகழ்ச்சியை எக்ஸ்போர்ட் போட்டால், அதாவது எடிட் செய்ததை ஒரே வீடியோ ஃபைலாக மாற்றினால், 48 நிமிஷம். அதைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்ற ஆசையில்தான் ஓவர்கிளாக் பக்கம், அதாவது பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டும் பக்கம் போனேன்.

பி660 போர்டில் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய வழி இல்லை, இசட் வகை போர்டு வேண்டும். அது எனக்கும் தெரியும். மாட்டுகிற வேலையும் தெரியும். வோல்டேஜில் கை வைக்கத்தான் பயம். தெரிந்தவர் கையில் கொடுத்துவிடலாம் என்று, எங்கள் ஏரியாவிலேயே மாடியில் இருக்கிற ஒரு கேமிங் பிசி கடைக்குப் போனேன். பெயர் சொல்லவில்லை. கண்ணாடி அலமாரி முழுக்கக் கலர் லைட் எரியும் கேபினெட்டுகள், ரீல்ஸில் தினமும் ஒரு வீடியோ போடுகிற மாதிரியான கடை.

கடைக்காரத் தம்பி அவ்வளவு மரியாதையாகப் பேசினார். டீ வரவழைத்தார். "நம்ம வீட்டு சிஸ்டம் மாதிரி பாத்து செஞ்சு தர்றேன் அண்ணா" என்றார். இசட்790 போர்டு, 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைத்த வாட்டர் கூலர், 850 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி), அப்புறம் செட்டிங்ஸ் கூலி. எல்லாம் சேர்த்து 41,500. என் பழைய போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் வேறு எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் டெலிவரி. அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேஜை மேல் என் கம்ப்யூட்டர், பக்கவாட்டு மூடி கழற்றி வைத்திருந்தது. ஏசி 18-ல். ஒரு கேமை ஓடவிட்டு, திரையின் ஓரத்தில் பிராசஸர் சூடு 58 டிகிரி என்று காட்டினார். "நான் கேம் ஆடுறதில்ல தம்பி, எடிட்டிங்தான்" என்றேன். "கேமே இப்படி ஓடுதுன்னா எடிட்டிங்லாம் என்னண்ணா" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து, ரேடியேட்டர் ஃபேன் மேல் வைத்தார். "பாருங்க, சூடே இல்ல." உள்ளங்கையில் குளுகுளுவென்று காற்று பட்டது. நம்பிவிட்டேன். அங்கேயே நின்று 41,500 ரூபாயையும் போனில் அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் வந்தது கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். "நம்ம அக்கவுண்ட்தான் அண்ணா" என்றார். பில் கேட்டேன். எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுத்தாளில் பேனாவால் மொத்தத் தொகையை எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் தனி என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. கத்திரி வெயில் நேரம், ஃபேன் மட்டும்தான். முதல் எக்ஸ்போர்ட் போட்டதும் சில நிமிஷத்திலேயே 100 டிகிரி. இந்தப் பிராசஸருக்கு அதுதான் உச்ச வரம்பு, அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 48 நிமிஷ வேலை எத்தனை நிமிஷத்தில் முடிந்தது தெரியுமா? 46. இரண்டே நிமிஷம் மிச்சம். அதற்கு 41,500 ரூபாய்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிராசஸருக்குள் வேலை செய்கிற தனித்தனிப் பகுதிகள்தான் கோர்கள். கேம் பெரும்பாலும் சில கோர்களைத்தான் முழுசாக வேலை வாங்கும். எக்ஸ்போர்ட் அப்படி இல்லை, 14 கோரையும் சேர்த்துப் பிழிந்து எடுக்கும். ஆக, கடையில் காட்டிய 58 டிகிரிக்கும் என் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

வோல்டேஜைப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதும் 1.45 வோல்ட்டிலேயே நின்றது. தேவைக்கு ஏறி இறங்க வேண்டியதை ஒரே எண்ணில் பூட்டி வைத்திருக்கிறார்கள். முன்பு முழு வேலையின்போது 1.25 பக்கம்தான் இருக்கும். பிராசஸர் இழுக்கிற வாட் (மின்சக்தி), வேகத்தோடு நேர் கணக்கில் ஏறும். வோல்டேஜோடு அப்படி இல்லை, வர்க்கமாக ஏறும். 1.25-ஐ 1.45 ஆக்கினால் அதற்கே சுமார் 35 சதவீதம் கூடுதல். வேகத்தை 5.1 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.5 ஆக்கியதையும் சேர்த்தால் ஏறக்குறைய 45 சதவீதம். இன்டெல் சொல்கிற 181 வாட் உச்சம் 260 வாட்டுக்கு மேல் போகிறது. கிடைக்கிற வேகமோ, சூடே ஏறாவிட்டால்கூட, 8 சதவீதம்தான். நல்ல டியூனிங் செய்கிறவர் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துப் பார்த்து வைப்பார். ராத்திரி பூரா டெஸ்ட் ஓடவிடுவார். இங்கே ஒரு பெரிய எண்ணைத் தட்டி, ஸ்டார்ட் ஆனதும் காசு வாங்கிக்கொண்டார்கள்.

கரண்ட் பில்லும் சும்மா விடவில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் கட்டிக்காத்து வந்த வீடு இது. இந்த முறை தாண்டிவிட்டது. தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் அல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் ரேட் மாறுகிறது என்பது பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

பயாஸ் திரையை (போர்டுக்குள்ளேயே இருக்கும் செட்டிங்ஸ் மென்பொருளின் திரை) போனில் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். "நார்மல் அண்ணா, பேஸ்ட் செட் ஆக ஒரு மாசம் ஆகும்" என்று பதில். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் பூசுகிற, சூட்டைக் கடத்தும் பசையைச் சொல்கிறார். இரண்டாவது முறை படம் அனுப்பியபோது கட்டைவிரல் மட்டும் வந்தது.

ஏழாவது வாரம், ஆனி முகூர்த்தம் ஒன்றின் எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை, எல்லாம் அணைந்தது. பக்கத்துத் தெருவில் போர்டு வேலை பார்க்கும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் வாங்கியதுமே, "850 வாட்னா இந்த வெயிட் இருக்காதே" என்றார். ஸ்டிக்கரின் ஒரு மூலை சூட்டில் சுருண்டு நின்றது. நகத்தால் மெதுவாக உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். 12 வோல்ட் வரிசையில் 30 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 360 வாட். பிராசஸரே 260 இழுக்கிறது, கிராபிக்ஸ் கார்டு 170. இது ஏழு வாரம் தாங்கியதே பெரிசு. எனக்கு அந்த இடத்தில் கை நடுங்கியது. என் மேஜைக்கு அடியில்தான் அது இருந்தது, என் பையன் காலை நீட்டி உட்கார்கிற இடம்.

போர்டு செத்துவிட்டது. பிராசஸரை அண்ணன் தன் போர்டில் போட்டு, கம்பெனி செட்டிங்கிலேயே ஓட்டிப் பார்த்தார். பாதி எக்ஸ்போர்ட்டில் நீலத் திரை. மூன்று முறையும் அப்படியே. கல்யாண ஃபுட்டேஜ் இருந்த எஸ்எஸ்டி மட்டும் தப்பியது, கடவுள் புண்ணியம்.

இனி கடையில் கேட்டதைச் சொல்கிறேன். முதல் முறை: "உங்க வீட்டு வோல்டேஜ் பிராப்ளம் சார்." அண்ணா போய் சார் ஆகிவிட்டேன். யுபிஎஸ் வழியாகத்தான் ஓடுகிறது, அதே யுபிஎஸ்ஸில் இருந்த மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். இரண்டாம் முறை: "ஓவர்கிளாக்குக்கு வாரண்டி கிடையாது சார்." செய்து கொடுத்ததே நீங்கள்தானே! மூன்றாம் முறை, ஓனர் ஊரில் இல்லை. நான்காம் முறைதான் என்னை ரொம்பவே எரிச்சல்படுத்தியது. "13-த் ஜென் எல்லாமே அப்படித்தான் சார், இன்டெல் ஃபால்ட், நெட்ல பாருங்க." ஆமாம், 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்களில் வோல்டேஜ் அதிகமாகிச் சேதமாகும் பிரச்சினை இருந்தது உண்மை. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அதற்கு மைக்ரோகோட் திருத்தம் (பிராசஸருக்குள் ஓடும் கட்டளைகளுக்கான திருத்தம், புது பயாஸோடு வரும்) வந்தது. பிராசஸரைத் தனி பாக்ஸில் வாங்கியவர்களுக்கு வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தார்கள். அது தெரிந்த கடைக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை புது பயாஸ் ஏற்றுவது. நான் எடுத்த படத்தில் பயாஸ் தேதி 2023. அதன் மேல் 1.45 வோல்ட்டைப் பூட்டி வைத்தது இன்டெல்லா?

நேற்று, ஐந்தாம் முறை, இரண்டு ஸ்டிக்கர் எஸ்எம்பிஎஸ்ஸை மேஜை மேல் வைத்தேன். அந்தத் தம்பி அதைத் தொடக்கூட இல்லை. "இது நாங்க குடுத்த பீஸ்னு எப்டி சார் சொல்றீங்க? பில் இருக்கா?" என்றார். துண்டுத்தாளைக் காட்டினேன். அதில் மாடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. 41,500 என்ற எண் மட்டும்தான் இருக்கிறது.

எப்படி ஓவர்கிளாக் செய்வது, சூட்டை எப்படிப் பிடிப்பது என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது நேரம் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஜிஎஸ்டி பில் இல்லாமல், அதில் சீரியல் நம்பர் இல்லாமல் காசு அனுப்பாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரிக்காத பெட்டியில் உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், 12 வோல்ட் ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். டெஸ்ட் என்றால் மூடியைப் போட்டு, ஏசி இல்லாமல், நீங்கள் செய்கிற வேலையையே அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். வோல்டேஜ் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் எடிட்டிங்குக்கு ஓவர்கிளாக்கே வேண்டாம் என்பதுதான் இப்போது என் எண்ணம், வோல்டேஜைக் குறைத்து ஓட்டினாலே சூடு குறைந்து வேகம் நிலையாக நிற்கும்.

1915 நுகர்வோர் எண்ணில் காலையில் புகார் பதிவு செய்துவிட்டேன். பணம் போன ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, இரண்டு ஸ்டிக்கர்களின் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். சரிப்பட்டு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இப்போது நண்பரின் லேப்டாப்பில் அந்த ஆனி முகூர்த்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, 34 சதவீதம் ஆகியிருக்கிறது. பெண் வீட்டார் பத்து மணிக்குப் பென்டிரைவ் வாங்க வருகிறார்கள்.