வெயிலூரில் இரண்டு கிட்டார்கள்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ஒரு வீட்டில், ஏழு ஆண்டுகளாக அகூஸ்டிக் கிட்டார் வாசித்து வருகிறேன். எனக்கு இது தொழில் அல்ல. அலுவலகம் முடிந்த பிறகு இரவில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்களோடு மாடியில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். 2018 ஜூன் மாதத்தில் 9,000 ரூபாய்க்கு முதல் கிட்டாரை வாங்கினேன். அதன் மேற்பலகை, மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த லேமினேட் வகையைச் சேர்ந்தது. 2021இல் 26,000 ரூபாய் கொடுத்து இரண்டாவதை வாங்கினேன். இதன் மேற்பலகை ஒரே ஸ்ப்ரூஸ் மரத்தை அறுத்துச் செய்த சாலிட் டாப். தயாரித்தவர்களின் பெயர்களைத் தவிர்க்கிறேன். கீழே வரும் குறைகளில் பெரும்பகுதி ஊரின் வெயிலாலும் என் கவனக்குறைவாலும் வந்தவை என்பதால், அவற்றுக்காக ஒரு நிறுவனத்தைச் சுட்டுவது முறையாகாது.

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசர் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டு. ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதையும் பார்த்துவிட்டோம். ஆனால் மரம் இல்லாத மலை அப்படியேதான் இருக்கிறது, கிட்டார் வைத்திருப்பவருக்கு அதுதான் கவலை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை, இரவு பத்து மணி வரை அனலை வீசுகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும் வெப்பமும், ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும் ஈரமும் ஒரே கருவியின் மீது மாறி மாறி வந்து விழுகின்றன. கிட்டார் மரத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை என்பது பொதுவான கணக்கு. நான் அறையில் மாட்டியிருக்கும் சிறிய ஈரப்பதமானி, ஓர் ஆண்டில் அந்த எல்லைக்குள் நின்ற நாட்கள் மிகவும் குறைவு.

முதல் கிட்டாரை வாங்கியபோது எனக்கு இவை எதுவும் தெரியாது. கடையில் கேட்டபோது நன்றாகத்தான் ஒலித்தது. வீட்டுக்கு வந்து மூன்று வாரங்களில் இடது கை விரல் நுனிகள் கன்றிப்போயின. எல்லாருக்கும் தொடக்கத்தில் வலிக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். நான்கு மாதங்கள் கழித்து ஓர் அனுபவசாலி வந்து, இரும்பு அளவுகோலைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் நிறுத்திப் பார்த்தார். தடித்த ஆறாவது கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. இரண்டரை இருந்தால் போதும். மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு போதும். ஆக, நான்கு மாதங்களாக நான் பட்ட வலியில் பாதி, தேவையே இல்லாத வலி.

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேரின் சிக்கல் இதுதான். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கழுத்தை இழுக்கின்றன. அந்த இழுப்பைத் தாங்குவதற்காகக் கழுத்துக்குள் டிரஸ் ராடு என்ற இரும்புத் தண்டு ஓடுகிறது. அதை ஆலன் கீ கொண்டு கால் சுற்று திருப்பினாலே கழுத்தின் வளைவு மாறும். முதலில் அந்த வளைவைச் சரிசெய்துவிட்டு, பிறகுதான் மேற்பலகையில் ஒட்டிய, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் மேல், கம்பிகளைத் தாங்கும் வெள்ளை நிறச் சேடிலை அடிப்பக்கத்தில் தேய்க்க வேண்டும். சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் குறையும். இந்தக் கணக்குத் தெரியாமல் உப்புத்தாளோடு உட்காருபவர், ஒன்று பயந்து பாதியில் நிறுத்துவார் அல்லது கம்பி ஃபிரெட்டில் இடித்து இரையும் அளவுக்குத் தேய்த்துவிடுவார். நான் சென்னைக்கு எடுத்துச் சென்று 800 ரூபாய் கொடுத்துச் செய்துகொண்டேன். அந்த 800 ரூபாயை முதல் நாளே செலவிட்டிருக்க வேண்டும். 9,000 ரூபாய்க் கிட்டாருக்கு இந்தச் சரிசெய்தல், அதாவது செட்டப், எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விலை குறைந்த கிட்டாருக்குத்தான் அது கட்டாயம் தேவை.

முதல் கிட்டாருக்கு நான் இழைத்த பெரிய தீங்கு 2019 மே மாதத்தில் நடந்தது. குடியாத்தத்தில் ஒரு திருமணத்துக்குப் போனபோது, வரவேற்பில் வாசிக்கலாம் என்று எடுத்துச் சென்றேன். மதியம் சாப்பிட்டு முடியும் வரை கண்ணாடி ஏற்றிய காரிலேயே அது கிடந்தது. மூன்று மணி நேரம் இருக்கும். வெளியே எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாட்கள் கழித்துப் பார்த்தால், பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் மேற்பலகைக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் பசை இளகும். மேலே கம்பிகளின் இழுப்பு அப்படியே இருக்கும். பிரிட்ஜ் எழாமல் என்ன செய்யும்?

எங்கள் தெருவில் வீணை கற்பிக்கும் டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, ஆள் உட்கார முடியாத இடத்துல வாத்தியத்தை உட்கார வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்து சுருதி கெடும், பிறகு ஆள் வரவழைத்து மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மீண்டும் பதிக்க வேண்டும். ஆகையால் வீணைக்காரர்களுக்கு வெயில் பயம் தானாகவே வந்துவிடுகிறது. கிட்டாரின் ஃபிரெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கியவை என்பதால் நமக்கு அந்தப் பயம் வருவதில்லை. பிரிட்ஜை மீண்டும் ஒட்டுவதற்கு 1,500 ரூபாய் ஆயிற்று. அந்த ஒட்டு இன்றுவரை அசையவில்லை.

இரண்டாவது கிட்டாரின் ஒலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சாலிட் டாப் என்பது வெறும் விளம்பரச் சொல் இல்லை. மெதுவாக மீட்டும்போதும் ஒவ்வொரு கம்பியின் ஒலியும் தனித்தனியே கேட்கிறது, மீட்டிய பிறகு நெடுநேரம் நிற்கிறது. உடல் சற்றுச் சிறியதாக இருப்பதும் எனக்கு வசதி. முதல் கிட்டார் ட்ரெட்நாட் வடிவம். டிட்சன் என்ற இசைக்கருவி வணிகருக்காக மார்ட்டின் நிறுவனம் 1916இல் செய்யத் தொடங்கிய, போர்க்கப்பலின் பெயரைத் தாங்கிய பெரிய உடல். பாட்டுக்குப் பக்கவாத்தியமாக மாடியில் அடித்து வாசிக்க அதுவே சிறந்தது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வலது தோள் ஒத்துழைக்காது.

அந்த நல்ல கிட்டாருக்கு 2022 கோடையில் விரிசல் விழுந்தது. காரில் கற்ற பாடத்தால், வெப்பம் படக்கூடாது என்று அதை ஏசி அறையில் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தேன். ஏசி குளிர்ச்சியைத் தருவதோடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியே வடித்துவிடுகிறது என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஏப்ரல் இறுதியில் கழுத்தின் ஓரத்தில் கை வைத்தால் ஃபிரெட்டின் முனைகள் குத்தின. மரம் சுருங்கியது, உலோகம் சுருங்கவில்லை. அதுதான் முதல் எச்சரிக்கை. அதை நான் தரக்குறைவு என்று எண்ணி, விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மே நடுவில் பிரிட்ஜுக்குக் கீழே, மர இழையின் போக்கிலேயே, முடி போல ஒரு கோடு தோன்றியது. மேற்பலகை உள்வாங்கியதால் கம்பிகள் தாழ்ந்து, முதல் மூன்று ஃபிரெட்டுகளில் இரைச்சலும் வந்தது. அதே வீட்டில், மின்விசிறி மட்டும் ஓடும் அடுத்த அறையில், சுவரில் தொங்கிய லேமினேட் கிட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தகடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், லேமினேட் அவ்வளவு எளிதில் சுருங்குவதும் இல்லை, உப்புவதும் இல்லை.

ஆகவே, வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் முதல் கிட்டார் வாங்குபவர் கேட்டால், லேமினேட்டையே வாங்கச் சொல்கிறேன். சாலிட் டாப்பையே வாங்கு என்று இணையத்தில் பெரும்பாலோர் சொல்லும் ஆலோசனைக்கு இது மாறானது. அவர்கள் வெயிலூரில் குடியிருப்பவர்கள் அல்லர். சாலிட் டாப் வாங்கினால் அதைக் கடினமான பெட்டிக்குள் வைத்துப் பூட்டிப் பராமரிக்க வேண்டும். மூடியில் துளையிட்ட சோப்பு டப்பாவுக்குள், நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, மார்ச் முதல் ஜூன் வரை பெட்டிக்குள் போட்டு வைக்கிறேன். ஈரப்பதம் 45க்குக் கீழே இறங்குவதில்லை. மழைக்காலத்தில் அதையே எடுத்துவிட்டுச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைக்கிறேன். அப்படியும் அக்டோபரில் மேற்பலகை சற்று உப்பி, இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி மூன்றை நெருங்கிவிடுகிறது. அதற்காக ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தேய்த்த இரண்டாவது சேடில் ஒன்றைத் தனியே வைத்திருக்கிறேன். ஐப்பசியில் அதைப் பொருத்தி, தை பிறந்ததும் பழையதை மாட்டுகிறேன். மழைக்காலச் சேடில், வெயில்காலச் சேடில் என்று இரண்டு வைத்திருப்பதை நண்பர்கள் கேலி செய்வதுண்டு. விரல் வலிப்பது அவர்களுக்கில்லையே.

கம்பிகளைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு கிட்டார்களிலும் பாஸ்பர் பிரான்ஸ் கம்பிகளையே பயன்படுத்துகிறேன். நம் ஊர் வியர்வையில் பூச்சு இல்லாத கம்பி ஐந்தாறு வாரங்களில் மங்கிவிடுகிறது. பூச்சுள்ளது இரண்டு மடங்கு விலை, ஆனால் எனக்கு நான்கு மாதங்கள் வரை வருகிறது. வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைப்பது, எந்த விலையுயர்ந்த எண்ணெயையும் விட நன்றாக உதவுகிறது.

வாங்கியவற்றில் பணத்துக்கு மிக அதிகப் பயன் தந்தது எது என்றால், 350 ரூபாய்க் கேப்போதான். கழுத்தின் குறுக்கே எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கவ்வி அது. ஞாயிறு மாலைகளில் எங்கள் மாடியில் பாடும் செவிலியர் அக்காவுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. வங்கியில் வேலை செய்யும் நண்பருக்கு ஒன்றரைக் கட்டை. கிட்டார்க்காரருக்கோ சி, ஜி என்றால்தான் புரியும். பாடுபவர் சொல்வது கிட்டார்க்காரருக்கும், அவர் சொல்வது இவருக்கும் விளங்காமல் அரை மணி நேரம் போன மாலைகள் உண்டு. கணக்கு எளிதானது. ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரை என்றால் ஆர்மோனியத்தில் அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. ஐந்தரை என்றால் ஜி வடிவக் கார்டுகளைப் பிடித்து முதல் ஃபிரெட்டில் கேப்போவை மாட்ட வேண்டும். ஆறு என்றால் அதே வடிவம், இரண்டாம் ஃபிரெட். ஒன்றரைக்குச் சி வடிவமும் முதல் ஃபிரெட்டும். நாலரைக் கட்டைதான் புதியவர்களைத் திணறடிக்கும். அதற்கு டி வடிவத்தைப் பிடித்து நான்காம் ஃபிரெட்டில் மாட்டினால், ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பாரே கார்டே தேவைப்படாது. மூன்றரைக் கட்டை என்று யாராவது சொன்னால் அவர் விளையாடுகிறார் என்று பொருள். ஈக்கும் எஃப்புக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. கேப்போவை ஃபிரெட்டின் முதுகை ஒட்டி மாட்டிய பிறகு, கம்பிகளைத் தட்டிச் சுருதியை மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அது கம்பியைச் சற்று இழுத்துச் சுருதியை ஏற்றிவிடும்.

கர்நாடக இசை கற்றவர்கள் கிட்டாருக்கு வரும்போது வேறு ஒரு சிக்கல் எழுகிறது. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் அப்படியே மேஜர் ஸ்கேல். நடபைரவியின் ஸ்வரங்கள் மைனர் ஸ்கேல். மோகனத்தை ஐந்து ஸ்வரங்களில் ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். ஸ்வரம் வருகிறது, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் வருவதில்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவை விரலை வழுக்கிச் சமாளிக்கலாம். கம்பியை வளைத்து அசைவு கொடுக்க முயன்றால், 12 அளவுக் கம்பித் தொகுப்பில் (முதல் கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) மூன்றாவது கம்பியே, மேலே வேறொரு கம்பி சுற்றிய சுற்றுக்கம்பியாக இருப்பதால் அது இடம் கொடுப்பதில்லை. கிட்டாரில் கர்நாடக இசைக்காகப் புகழ்பெற்ற பிரசன்னா நம் ராணிப்பேட்டையில் பிறந்தவர் என்பதில் இந்தப் பக்கத்து மாணவர்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் அவர் பெரும்பாலும் வாசிப்பது மெல்லிய கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் கிட்டார் என்பதைக் கவனிக்காமல், அகூஸ்டிக்கில் அதே அசைவை எதிர்பார்த்து விரலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். 10 அளவுக் கம்பிகளுக்கு மாறினால் ஓரளவு வளையும், ஒலியின் கனம் குறையும். நான் மாற்றிப் பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் 12க்கே திரும்பினேன்.

ஆம்பூரில் வாங்கிய தோல் பட்டை ஏழு ஆண்டுகளில் பதப்பட்டு இன்னும் உழைக்கிறது. விரிசலுக்கு உட்புறம் சிறு மரத்துண்டுகளை வைத்து ஒட்டியாயிற்று. ஒலியில் வேறுபாடு தெரியவில்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கோடு மட்டும் தெரிகிறது.

இப்போது முதல் கிட்டாரின் ஃபிரெட்டுகள் தேய்ந்துவிட்டன. முதல் மூன்று ஃபிரெட்டுகளில், முதல் இரண்டு கம்பிகளுக்குக் கீழே நகம் தட்டும் அளவுக்குக் குழிகள். எல்லா ஃபிரெட்டுகளையும் புதிதாகப் போட, கிட்டாரின் விலையில் பாதிக்கு மேல் கேட்கிறார்கள். ஒருமுறை சமமாக ராவி மெருகேற்றினால் இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் ஓடும் என்கிறார் பழுது பார்ப்பவர். மழை முடிந்து மரம் நிலைக்கு வந்த பிறகு, தை மாதத்தில் ராவக் கொடுக்க இருக்கிறேன்.