கோர்ட் சமரச மையம்: நாலு சிட்டிங் போய்ட்டு வந்த அனுபவம்

5க்கு 4 ஸ்டார் குடுக்கலாம். ஒண்ணு எதுக்குக் கொறைச்சேன்னு கீழ சொல்றேன்.

எங்கப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தோட்டத்துத் தடத்துல தகராறு. தாத்தா காலத்துல இருந்து வண்டி போய்ட்டு வந்த தடத்துல சித்தப்பா ஒருநாள் கம்பிவேலி போட்டுட்டார், எங்க காட்டுக்கு டிராக்டர் போக வழியில்ல, அப்பா ஊர்ல யார்கிட்டயும் பேசாம நேரா வக்கீல் ஆபீஸ் போய் கேஸ் போட்டுட்டு வந்துட்டார். மூணு வருஷம் வெறும் வாய்தா. கடைசில ஜட்ஜே "அண்ணன் தம்பி விஷயம், சமரச மையத்துக்குப் போய் பேசிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டார். சிவில் கேஸை இப்படி அனுப்ப சிவில் நடைமுறைச் சட்டம் 89வது பிரிவுல வழி இருக்கு.

நாங்க மொதல்ல லோக் அதாலத்துன்னு நெனச்சிட்டோம். அது வேற. மீடியேஷன்ல, அதாவது இந்த சமரச மையத்துல, ஒரே ஆள் உங்க கேஸை மட்டும் வச்சுக்கிட்டு பல தடவை உக்காந்து பேசுவார். சென்னை ஹைகோர்ட்ல 2005 ஏப்ரல் 9ல ஆரம்பிச்சதுதான் நாட்டுலயே கோர்ட்டோட சேந்து நடக்குற மொத மையம், அதை முன்னால நின்னு கொண்டு வந்தவர் சீனியர் வக்கீல் ஸ்ரீராம் பஞ்சு. இப்ப மாவட்ட கோர்ட்லயும் இருக்கு, நாங்க போனது அப்படி ஒண்ணு, எந்த ஊர்னு வேணாம்.

எங்களுக்கு வந்த சமரசர் ட்ரெயினிங் எடுத்த ஒரு வக்கீலம்மா. மொத சிட்டிங்லயே சொல்லிட்டாங்க, நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், இங்க பேசுறதை கோர்ட்ல சாட்சியா இழுக்க முடியாது, முடிஞ்சுதா முடியலயான்னு மட்டும்தான் ஜட்ஜுக்கு எழுதுவேன்னு. எங்கப்பா ஊர்ப் பஞ்சாயத்து பாத்து வளந்த ஆளு, அரைமணி நேரம் பேசிட்டு "ஏனுங்கம்மணி, நீங்களே ஒரு முடிவைச் சொல்லிப்போடுங்க, நான் கட்டுப்படறேன்"ங்கறார். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே "நான் சொன்னா உங்க தம்பி கட்டுப்படணுமே"ன்னாங்க. அதுக்கு மேல அப்பா வாயே தொறக்கல.

ரெண்டாவது சிட்டிங்ல தனித்தனியா கூப்பிட்டுப் பேசினாங்க. அங்கதான் விஷயமே வெளிய வந்துச்சு. தடம் போற இடத்துக்குப் பக்கத்துலதான் பொதுக் கிணறு, ஆனா மோட்டார் ரூம் எங்க பக்கம், ஈபி சர்வீஸ் அப்பா பேர்ல. ஒரு கோடைல ஏதோ கோவத்துல அப்பா ரெண்டு நாளு மோட்டார் ரூமைப் பூட்டி சாவியை எடுத்துட்டு வந்துட்டாராம், சித்தப்பாவோட வெண்டை மொத்தமும் வாடிப்போச்சாம், அந்தக் கடுப்புல போட்டதுதான் அந்த வேலி. இது எனக்குத் தெரியாது, எங்க வக்கீலுக்கும் தெரியாது, கேஸ் கட்டுல ஒரு வரி கூட இல்ல. கேஸ் தடத்தைப் பத்தி மட்டும்தான், அதனால ஜட்ஜ் பத்து வருஷம் விசாரிச்சாலும் தடத்துக்குத்தான் தீர்ப்பு சொல்வார், சாவியைப் பத்தி அவருக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. மீடியேஷன்ல கட்டுல இல்லாததையும் மேசை மேல வைக்கலாம், என்னைக் கேட்டா இந்த சர்வீஸோட பெரிய ப்ளஸ் இதுதான், ஃப்ரீங்கறதெல்லாம் அப்புறம்.

நாலாவது சிட்டிங்ல முடிஞ்சுது. தடம் 12 அடி, சித்தப்பா வேலியைத் தள்ளிப் போட்டுக்கணும். மோட்டார் ரூமுக்கு ரெண்டு சாவி, தண்ணி முறை மூணு நாளைக்கு ஒருதடவை மாறும், மோட்டார் எரிஞ்சா காயில் கட்டுற செலவு ஆளுக்குப் பாதி. இந்த கடைசி வரியை எழுதச் சொன்னது சித்தப்பா, நல்லவேளை சொன்னார்.

இதை எழுதி ரெண்டு பேரும் வக்கீலுங்களும் கையெழுத்துப் போட்டு கோர்ட்டுக்கு அனுப்ப, ஜட்ஜ் அதையே டிக்ரியா, அதாவது கோர்ட் தீர்ப்பாணையா குடுத்துட்டார். நாளைக்கு யாராவது மறுபடி வேலி போட்டா புதுசா கேஸ் போட வேண்டியதில்ல, நிறைவேத்தச் சொல்லி மனு போட்டா போதும். ஆனா ஒண்ணு, கையெழுத்துக்கு முன்னாடி வரி வரியா படிங்க. எங்களுக்கு டைப் பண்ணி வந்ததுல சர்வே நம்பரோட உட்பிரிவு மாறி இருந்துச்சு, நான் பட்டாவை எடுத்துட்டுப் போனதால பிடிச்சேன்.

இப்ப அந்த ஒரு ஸ்டார். தனித்தனியா பேசுற ரூமுக்கு நடுவுல வெறும் பிளைவுட் தடுப்பு! சித்தப்பா அந்தப் பக்கம் எங்கப்பாவை என்னென்ன சொன்னார்னு இந்தப் பக்கம் எங்களுக்கு பாதி கேட்டுச்சு, அப்பா முகத்தைப் பாக்க முடியல, ரகசியம் ரகசியம்னு சொல்லிட்டு இப்படி ஒரு ரூம். ஒரு சிட்டிங் அந்தம்மாவுக்கு வேற கேஸ் வந்துட்டதால தள்ளிப்போச்சு, நாங்க பஸ் ஏறி வந்து வெளிய பெஞ்சுல உக்காந்த பிறகுதான் சொன்னாங்க, ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

செலவுன்னு பாத்தா சமரசருக்கு நாங்க பத்து பைசா குடுக்கல. கோர்ட் ஃபீஸும் திரும்ப வரும். 2021ல இதுல ஒரு கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, கோர்ட் அனுப்பாம தாங்களா வெளிய பேசி முடிச்சாலும் ரீஃபண்ட் உண்டுன்னு சென்னை ஹைகோர்ட் சொன்னதை அங்கயும் சரின்னுட்டாங்க. கூத்து என்னன்னா அந்த அப்பீலைப் போட்டதே ஹைகோர்ட் நிர்வாகம்தான்.

எல்லாருக்கும் இது ஒத்துவருமான்னா வராது. கள்ளப்பத்திரம், மோசடின்னு சீரியஸா குற்றச்சாட்டு இருக்கற கேஸெல்லாம் பொதுவா இதுக்கு சரிப்படாதுன்னு 2010ல சுப்ரீம் கோர்ட் சொன்ன ஆஃப்கான்ஸ் (Afcons) கம்பெனி கேஸ் தீர்ப்புலயே இருக்கு. எதிராளி நேரம் கடத்தத்தான் வர்றார்னு தெரிஞ்சா மையத்துல சொல்லிட்டு கேஸுக்கே திரும்பிடுங்க, யாரும் பிடிச்சு வைக்க மாட்டாங்க. 2023 மீடியேஷன் சட்டத்துல பேசி முடிக்க 120 நாள், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா இன்னும் 60 நாள்னு கணக்கு எழுதியிருக்காங்க. அயோத்தி கேஸையே 2019ல மூணு பேர்கிட்ட குடுத்துப் பாத்தாங்க, நான் மேல சொன்ன ஸ்ரீராம் பஞ்சுவும் அதுல ஒருத்தர், ஒத்துவரல, அதே வருஷம் நவம்பர்ல கோர்ட்டே தீர்ப்பு சொல்லிடுச்சு.

போறவங்க பட்டா, பழைய பத்திரம், இடத்தோட ரஃப் பிளான் மூணும் கையோட கொண்டு போங்க. தண்ணி பாட்டிலும். எங்க ரீஃபண்ட் இன்னும் வரல, வந்தா இங்கயே எடிட் பண்றேன்.