கப்பல் படம் ஸ்கேன்: படத்தை வாங்குங்கள், பெயரை வாங்காதீர்கள்

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பழைய போட்டோவை ஸ்கேன் செய்து, தெளிவாக்கி, அடியில் விவரமும் அச்சிட்டுத் தரும் கடை ஒன்று இருக்கிறது. கடற்படையில் இருந்த தாத்தாவின் ஆல்பத்தைத் திருமங்கலம், உசிலம்பட்டியிலிருந்து கொண்டுவருகிறவர்கள் கவனிக்க: ஸ்கேன் வேலை சுத்தம். போர்க்கப்பலுக்கு அவர்கள் போடும் பெயரைத்தான் நம்ப முடியாது.

சின்ன பிரிண்டையும் 1200 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி) டிஃப் என்ற, தரம் குறையாத படக் கோப்பாகத் தருகிறார்கள். கேட்டால் பின்பக்கத்தையும் எடுப்பார்கள். கட்டாயம் கேளுங்கள், பென்சில் குறிப்பும் ஸ்டூடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும். ஓரத்தை வெட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கப்பலின் பின்முனைக் கொடி ஓரத்தோடு போய்விடும். வெள்ளைக் கொடியின் மூலையில் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக் இருந்தால் படம் 1950 ஜனவரி 26-க்கு முந்தியது, மூவர்ணம் இருந்தால் பிந்தியது.

கோளாறு 'ஏஐ தெளிவு', அதாவது செயற்கை நுண்ணறிவு வைத்துத் தெளிவாக்குவது, போடும்போது வருகிறது. மங்கலான இடத்தை அது ஊகித்து நிரப்புவதால் இரண்டு பீரங்கிக் குழல் மூன்றாகிவிடும். கப்பலைக் காட்டிக்கொடுப்பதே அந்த எண்ணிக்கைதான்!

கடையில் மாதிரிக்கு மாட்டியிருக்கும் படத்தையே பாருங்கள். 'ஐ.என்.எஸ். மைசூர்' என்று போட்டிருக்கிறார்கள் (ஐ.என்.எஸ். என்றால் இந்தியக் கடற்படைக் கப்பல்). ஆனால் அகலமான ஒற்றைப் புகைபோக்கி. முன்னால் கீழும் மேலுமாக இரண்டு பீரங்கிக் கூண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு குழல். அது பழைய 'டெல்லி'. 'அக்கிலீஸ்' என்ற பெயரில் ஓடி, 1948-இல் இந்தியாவுக்கு வந்த கப்பல். 1957-இல் சேர்ந்த மைசூருக்கோ, அதாவது முன்பு 'நைஜீரியா' என்ற பெயரில் ஓடிய கப்பலுக்கு, புகைபோக்கி இரண்டு, கூண்டுக்குக் குழல் மூன்று. நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் ஒரு புகைபோக்கி இன்னொன்றை மறைத்துவிடும். அப்போது குழலை எண்ணுவதுதான் வழி. பெயரை மட்டும் இணையத்தில் தேடி ஒப்பிடவும் கூடாது. 1997-இல் சேர்ந்த ஏவுகணைக் கப்பலுக்கும் டெல்லி என்றுதான் பெயர்.

இன்னொன்று: பின்னால் 'ஐ.என்.எஸ். சிவாஜி' என்று எழுதியிருந்தால் கப்பலைத் தேடி அலைய வேண்டாம். அது மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் உள்ள கடற்படைப் பயிற்சி நிலையம். கரையில் உள்ள நிலையங்களுக்கும் கடற்படையில் ஐ.என்.எஸ். என்றே பெயர் வைக்கிறார்கள்.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே, தெளிவாக்காத மூலக் கோப்பைத் தனியாகக் கேளுங்கள், விவர வரியைக் காலியாக விடச் சொல்லுங்கள். ஏற்கெனவே தப்பாக அச்சாகியிருந்தால் புகைபோக்கியைக் காட்டிப் பேசுங்கள். காசு வாங்காமல் மாற்றித் தருகிறார்கள்.